கல்லடைப்புக் கேள்விகள்: ஒரகடம் ஸ்பெஷல்

இந்த முறை தபால் பை முழுக்க ஒரே வலி. எல்லாம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். வரிசையாக வாங்க.

கே: கிட்னியில் கல் எப்படி சார் வருகிறது? நான் மண்ணையா தின்றேன்?
(வெல்டர், இருங்காட்டுக்கோட்டை)

மண்ணைத் தின்றவர் கண்ணன். அவர் வாயில் உலகம் தெரிந்தது. உங்கள் ஸ்கேனில் 6 எம்.எம். தெரிகிறது. கால்சியமும் ஆக்சலேட்டும் எல்லார் சிறுநீரிலும் தினமும் இறங்குகின்றன. தண்ணீர் தாராளமாக இருந்தால் கரைந்தபடியே போய்விடும். குறைந்தால் கைகோத்துப் படிகமாகும். சிறுநீரகக் கற்களில் ஏறத்தாழ 80 சதவீதம் கால்சியக் கற்கள். அதிலும் பெரும்பங்கு கால்சியம் ஆக்சலேட்.

கே: எல்லார் சிறுநீரிலும் இருக்கிறது என்றால் எல்லாருக்கும் கல் வர வேண்டுமே? ஏன் எனக்கு மட்டும்?
(மாம்பாக்கம்)

அடித்தீர்கள் சிக்ஸர்! கல்லே வராத ஆளின் சிறுநீரிலும் கால்சியம் ஆக்சலேட், கரையக்கூடிய அளவைத் தாண்டித்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆனாலும் கல் வருவதில்லை. காரணம், தடுப்பான்கள்: சிட்ரேட், மெக்னீசியம், அப்புறம் சில புரோட்டீன்கள்.

அதில் தலையாயது யூரோமாடுலின். பழைய பெயர் டாம்–ஹார்ஸ்ஃபால் புரோட்டீன். இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் 1950-இல், இன்ஃபுளூயன்சா வைரஸைத் தடுக்கும் பொருளைத் தேடப்போய் மனிதச் சிறுநீரில் இதைப் பிடித்தார்கள். ஆரோக்கியமான சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரோட்டீன் இதுதான். சிறுநீரகமே உற்பத்தி செய்கிறது. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், படிக்கட்டில் கூட்டம் சேரவிடாத கண்டக்டர் மாதிரி, பிரித்து அனுப்புகிறது. இந்தப் புரோட்டீன் இல்லாமல் வளர்த்த எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியப் படிகங்கள் தாமாகவே சேர்ந்தன.

கே: வேலியே பயிரை மேய்வது இதில் உண்டா?
(பி.எஸ்சி. மாணவி, படப்பை)

உண்டு தாயி. அதுதான் இந்தக் கதையின் திருப்பமே.

யூரோமாடுலின் மேல் எதிர்மின்னூட்டம் அதிகம். அந்த மின்னூட்டம் இருக்கும்வரை அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்கும், படிகங்களையும் விலக்கும். சிறுநீர் கெட்டியாகி, அமிலமாகி, சோடியமும் கால்சியமும் ஏறினால் அந்த அயனிகள் எதிர்மின்னூட்டத்தை மறைத்துவிடுகின்றன. உடனே புரோட்டீன் தனக்குத்தானே சுருண்டு கூழாகிறது. கூழில் படிகம் ஒட்டுகிறது.

அதே புரோட்டீன், அதே கிட்னி. மாறியது உப்பும் தண்ணீரும்.

கே: இதெல்லாம் அமெரிக்கக்காரன் ஆராய்ச்சிதானா? நம்ம ஊரில் யாரும் பார்க்கவில்லையா?
(வாலாஜாபாத்)

உங்கள் ஊரில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரும் தூரத்தில் பார்த்திருக்கிறார்கள். தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறை. ஆர். செல்வம், பி. கலைச்செல்வி ஆகியோர் ஆக்சலேட்டைப் பிடிக்கும் புரோட்டீன்களையும், ஆக்சிஜனேற்றத்தால் அடிபட்ட யூரோமாடுலின் எப்படிக் கட்சி மாறுகிறது என்பதையும் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அடிபட்ட புரோட்டீன் தடுப்பதை விட்டுவிட்டுப் படிகத்தைச் சேர்க்கத் தொடங்குகிறது.

சிறுநீரைக் குடுவையில் வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தாமல் உழைத்தவர்கள். கும்பிடு போடுங்கள்.

கே: வாழைத்தண்டு ஜூஸ் குடித்தால் கல் கரையுமா?
(பிள்ளைப்பாக்கம்)

அதே தரமணித் துறையில் பி. வரலட்சுமி குழுவினர் வாழைத்தண்டுச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள். ஆக்சலேட் மிகுந்த எலிகளுக்குப் பலன் தெரிந்தது. ஆனால் ஆக்சலேட் குறைவது வேறு, ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட கல் கரைவது வேறு. பொரியல் செய்து சாப்பிடுங்கள், நல்லது. 9 எம்.எம். கல்லை வைத்துக்கொண்டு ஜூஸ் கடையில் நிற்காதீர்கள்.

கே: தக்காளி விதைதான் கல்லாகிறது என்கிறாரே மாமியார்?
(ஸ்ரீபெரும்புதூர்)

விதை கிட்னிக்குப் போக வழியே இல்லை. ரசத்தை வையுங்கள்.

கே: எங்கள் ஃபோர்ஜிங் ஷாப்பில் கல் இல்லாத ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. சாமி குத்தமா?
(ஒரகடம்)

சாமியை விடுங்கள், தெர்மாமீட்டரைப் பாருங்கள். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழு, தென்னிந்திய இரும்பாலை ஒன்றின் தொழிலாளர்களை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டது. ஸ்கேனில் கல் தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெப்பம் மிகுந்த இடங்களில் நின்று வேலை செய்தவர்கள்.

வியர்வையில் தண்ணீர் போகிறது. மூளை உஷாராகி, இருக்கிற நீரைப் பிடித்து வைக்கச் சொல்லிக் கிட்னிக்கு ஹார்மோன் அனுப்புகிறது. சிறுநீர் சுண்டுகிறது. கால்சியம், ஆக்சலேட், சோடியம் எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கியடிக்கின்றன. மேலே படப்பைப் பெண்ணுக்குச் சொன்ன பதிலை இப்போது மறுபடி படியுங்கள். ஃபர்னஸ் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவரின் யூரோமாடுலின் எந்தக் கட்சியில் இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கே: எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும்?
(வல்லம் வடகால்)

உள்ளே போவதைக் கணக்குப் பார்க்காதீர்கள். வெளியே வருவதைப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். ஏ.சி. அறையில் இருப்பவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் போதலாம்; பெயின்ட் ஷாப் ஓவன் பக்கம் நிற்பவருக்குப் போதாது. நிறம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் பாஸ்.

இத்தாலியில் 199 நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள், முடிவு 1996-இல் வந்தது. நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு மறுபடி கல். மற்றவர்களில் 27 சதவீதம். மருந்து என்றால் இதற்குப் பெயர் வைத்து, டப்பாவில் போட்டு, விலை வைத்திருப்பார்கள்.

கே: போர் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. கிட்னியிலும் அப்படித்தானே?
(செம்பரம்பாக்கம்)

பாத்திரத்தில் படிவது கால்சியம் கார்பனேட். கிட்னியில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். இரண்டுக்கும் ஒரே சாதிச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரின் உண்மையான கெடுதல் வேறு: ருசி பிடிக்காமல் நீங்கள் குறைவாகக் குடிப்பது.

கே: பாலையும் தயிரையும் நிறுத்தச் சொல்கிறான் மச்சான். கால்சியமாம்.
(சுங்குவார்சத்திரம்)

மச்சானை நிறுத்துங்கள். 1993-இல் அமெரிக்காவில் 45,619 ஆண்களிடம் எடுத்த கணக்கு: உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவு. சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பசலைக்கீரை சாப்பிடும் அன்று தயிர் இருந்தால் நல்லது. மாத்திரையாக விழுங்கும் கால்சியம் தனி விஷயம். அதை டாக்டரிடம் கேளுங்கள்.

கே: ஊறுகாய்?
(கேன்டீன் வாசகர்)

குற்றவாளி. உப்பில் உள்ள சோடியம் வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு சிறுநீருக்கு வருகிறது. சுமார் 6 கிராம் உப்பு கூடினால் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக இறங்கும். மயக்கம் வருமளவு வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். ஆவக்காய் அதற்கு மாற்று அல்ல.

கே: எலுமிச்சை ஜூஸ் நல்லதா, வெறும் பேச்சா?
(எழிச்சூர்)

நல்லது. சிட்ரேட், கால்சியத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடும். ஆக்சலேட்டுக்கு ஜோடி கிடைக்காது. உப்பு, சர்க்கரை இரண்டையும் அடக்கி வாசியுங்கள்.

கே: மெக்னீசியம் என்ன செய்யும்?
(ஐ.டி.ஐ. மாணவர், ஸ்ரீபெரும்புதூர்)

எதிர்முனையில் அதே வேலை. ஆக்சலேட்டை இது பிடித்துக்கொள்ளும். அந்த ஜோடி கால்சியம் ஆக்சலேட்டைவிட எளிதில் கரையும். கம்பு, பயறு, பருப்பில் இருக்கிறது. கிட்னி பலவீனமானவர்கள் தாமாக மெக்னீசிய மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

கே: கல் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'வெடலைட்' என்று இருக்கிறது. ஏதாவது லைட்டா சார்?
(குன்றத்தூர்)

அண்டார்டிகா பக்கத்து வெடல் கடலின் அடிமண்ணில் கிடைத்த கனிமம், அதனால் அந்தப் பெயர். கால்சியம் ஆக்சலேட்டோடு இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். ஒரே நீர் மூலக்கூறு உள்ளது வெவலைட். செல்களில் அதிகமாக ஒட்டும் பிடிவாதக்காரன் அதுதான். மெக்னீசியமும் சிட்ரேட்டும் சில புரோட்டீன்களும் படிகத்தை வெடலைட் பக்கம் திருப்புகின்றன. பாஸ்போர்ட் இல்லாமல் அண்டார்டிகா உங்கள் இடுப்புக்குள் வந்திருக்கிறது.

கே: ரேடியேட்டர் கூலன்ட் வந்த கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிறோம். கல் வருமா?
(வண்டி அசெம்பிளி, ஒரகடம்)

ஐயா, இன்றே நிறுத்துங்கள்! இதில் எனக்கு விளையாட்டு வரவில்லை.

கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். உடம்புக்குள் போனால் அது ஆக்சலேட்டாக மாறுகிறது. ஆய்வகத்தில் எலிக்குக் கல் வரவழைக்க வேண்டுமென்றால் குடிநீரில் இதைத்தான் கலக்கிறார்கள். அளவு கூடினால் கல் வரைக்கும் காத்திருக்காது. கிட்னி முழுக்கப் படிகம் இறங்கி ஒரேயடியாகச் செயலிழக்கும், உயிரும் போகும். இனிப்பாக வேறு இருக்கும். அந்தக் கேனை ஓட்டை போட்டு நசுக்கிவிடுங்கள், அடுத்தவர் எடுக்காமல் இருக்க.

இந்த எலிச் சோதனையில்தான் இன்னொரு புரோட்டீனின் அருமையும் தெரிந்தது. பெயர் ஆஸ்டியோபான்டின், எலும்பிலும் இருக்கும், சிறுநீரிலும் இருக்கும். படிகத்தின் முகத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த கால்சியம் ஒட்டவிடாமல் மறிக்கும். 2003-இல் வெளியான சோதனையில் எல்லாச் சுண்டெலிக்கும் அதே கிளைகால் கொடுத்தார்கள். ஆஸ்டியோபான்டின் இல்லாத எலிகளின் கிட்னியில் படிகம் சேர்ந்தது. இருந்த எலிகள் தப்பித்தன.

கே: புரோட்டீன் நல்லது என்றீர்களே, நான் ஜிம்முக்குப் போய் பவுடர் சாப்பிடுகிறேன். அப்போ எனக்குக் கல் வராதுதானே?
(மணிமங்கலம்)

தம்பி, அந்தப் புரோட்டீன் வேறு. யூரோமாடுலினைக் கிட்னியே செய்துகொள்கிறது. டப்பாவில் வாங்க முடியாது. அளவில்லாமல் இறைச்சி சாப்பிட்டால் யூரிக் அமிலம் ஏறும், சிட்ரேட் இறங்கும், சிறுநீர் அமிலமாகும். பைசெப்ஸ் ஏறும் வேகத்தில் கல்லும் ஏறலாம்.

கே: கம்பெனி ஹெல்த் செக்கப்பில் யூரினில் 'புரோட்டீன் பிளஸ்' என்று வந்திருக்கிறது. அது உங்கள் யூரோமாடுலினா?
(இருங்காட்டுக்கோட்டை)

இல்லை. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை பெரும்பாலும் கண்டுபிடிப்பது ஆல்புமினை. அது ரத்தத்தில் இருக்க வேண்டியது, ஒழுகக் கூடாதது. மறுபடி சோதித்து மறுபடியும் வந்தால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். ஓ.டி. முடித்துவிட்டு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கே: பெயர், ஊர் வேண்டாம். அசெம்பிளி லைனில் நிற்கிற பெண்கள் நாங்கள். ஆள் மாற்றிவிடாமல் டாய்லெட் போக முடியாது என்பதால் ஷிப்ட் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. இதனால் கல் வருமா?

வரும் அம்மா. இரண்டு வழியாக வரும்.

ஒன்று, மேலே சொன்ன அதே வழி: சுண்டிய சிறுநீர். இரண்டாவது இன்னும் மோசம். குடிக்காமலும் அடக்கியும் வைத்தால் கிருமித் தொற்று எளிது. அதில் புரோட்டியஸ் போன்ற கிருமிகளிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். சிறுநீர் காரமாகும். அந்தக் காரத்தில் மெக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் கல்லாகும். மற்ற இடத்தில் நமக்கு உதவிய மெக்னீசியம் இங்கே எதிராளிக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கிறது. இந்தக் கல் வேகமாக வளர்ந்து கிட்னியின் கிளைகளெல்லாம் நிரப்பும். மான்கொம்புக் கல் என்பார்கள். பல நேரம் பெரிய வலிகூடக் காட்டாது.

வெப்பமும் கழிப்பறைக் குறையும் சேர்ந்து பெண் தொழிலாளர்களை என்ன செய்கிறது என்று ஸ்ரீராமச்சந்திரா குழுவே 2016-இல் எழுதியிருக்கிறது. எரிச்சல், காய்ச்சல், நாற்றம் இருந்தால் உடனே சிறுநீர் கல்ச்சர் பாருங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை. டாய்லெட்டுக்கு வழிவிடாதவர்கள்.

கே: அந்த யூரியேஸுக்குள் நிக்கல் இருக்கிறதாமே? நான் நிக்கல் பிளேட்டிங்கில் இருக்கிறேன். பயமாக இருக்கிறது.
(ஒரகடம்)

தகவல் சரி, பயம் தவறு. ஜேம்ஸ் சம்னர் 1926-இல் யூரியேஸைப் படிகமாக எடுத்தது வாளவரை விதையிலிருந்து. நொதியும் புரோட்டீன்தான் என்று நிரூபித்து 1946-இல் நோபல் வாங்கினார். அதன் நடுவில் நிக்கல் அணுக்கள் உட்கார்ந்திருப்பது 1975-இல்தான் தெரிந்தது. கிருமிக்குத் தேவை துளியிலும் துளி. உங்கள் தொட்டி நிக்கலால் தோல் அலர்ஜி வரும், அதற்குக் கையுறை போடுங்கள். கிட்னிக்கு அஞ்ச வேண்டிய உலோகம் காட்மியம்.

கே: காட்மியமா? அது என்ன செய்யும்?
(பிரேசிங் தொழிலாளி, மாம்பாக்கம்)

ஸ்வீடனில் பேட்டரி ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து லார்ஸ் ஃபிரிபெர்க் 1950-இல் எழுதினார். காட்மியம் தூசி பட்டவர்களின் சிறுநீரில் விநோதமான சிறு புரோட்டீன்கள். கிட்னியின் நுண்குழாய் கெட்டு, திரும்ப உறிஞ்ச வேண்டிய புரோட்டீனும் கால்சியமும் ஒழுகின. ஒழுகிய கால்சியம் பலருக்குக் கல்லானது. சாதாரணப் பட்டைச் சோதனையில் இந்தச் சிறு புரோட்டீன் சிக்காது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒருமுறை கிட்னியில் ஏறிய காட்மியம் பாதியாகக் குறையவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஐரோப்பா, 2003 ஜூலைக்குப் பிறகு விற்கும் கார்களில் காட்மியத்துக்குத் தடை போட்டது. சில விலக்குகள் மட்டும். ஆனால் சில பழைய வெள்ளி பிரேசிங் கம்பிகளில் காட்மியம் உண்டு. கம்பி டப்பாவின் லேபிளைப் படியுங்கள், 'காட்மியம் இல்லாதது' என்று இருந்தால் மட்டும் கையில் எடுங்கள். இன்னொன்று: புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சும். ஃபேக்டரிக்குள் தடை செய்ததை வாசல் டீக்கடையில் பற்றவைக்காதீர்கள்.

கே: பீர் குடித்தால் கல் வெளியே வந்துவிடுமாமே?
(வாரச்சம்பள வாசகர்)

பணம் வெளியே வரும்.

கே: யாரோ சொன்னார்கள் என்று இலையும் காயுமாக அரைத்துத் தினமும் குடிக்கிறார் அப்பா.
(தாம்பரம்)

நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கேரளத்தில் பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கெட்டியாகக் குடித்த 10 பேருக்குக் கிட்னி திடீரெனப் படுத்தது. 2013-இல் மருத்துவ இதழில் வந்தது. காய் முழுக்க ஆக்சலேட். இயற்கையானது எல்லாம் இதமானது அல்ல.

கே: கல்லை வெளியிலிருந்தே உடைக்கிறார்களே, அது யார் கண்டுபிடிப்பு?
(குவாலிட்டி செக்‌ஷன், வல்லம்)

விமானக் கம்பெனி! ஜெர்மனியின் டோர்னியர், வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகம் என்னாகும் என்று ஆராய்ந்தபோது அதிர்வலையின் சூட்சுமம் பிடிபட்டது. மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷௌஸி 1980 பிப்ரவரியில் முதல் நோயாளிக்குக் கல்லை உடைத்தார். ஒரு குவாலிட்டி டெஸ்ட் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

கே: கல் தானாகவே விழுந்துவிட்டது. தூக்கி எறிந்துவிடலாமா?
(பட்டுமுடையார்குப்பம்)

எறியாதீர்கள். கழுவி, காயவைத்து, சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். கால்சியமா, யூரிக் அமிலமா, ஸ்ட்ரூவைட்டா என்று தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கே: தொழிற்சாலையில் தண்ணீரும் டாய்லெட்டும் கேட்பது சட்டப்படி உரிமையா, சலுகையா?
(யூனியன் உறுப்பினர், ஸ்ரீபெரும்புதூர்)

உரிமை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 18-ஆம் பிரிவில் குடிநீரை எழுதி வைத்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றது. அதன் 19-ஆம் பிரிவு கழிப்பறை பற்றியது: ஆலையில் இருக்கும் எல்லா நேரமும் தொழிலாளி போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. 'எல்லா நேரமும்' என்பதில் ஷிப்ட் நேரமும் சேர்த்தி.

கே: நான் லைன் சூப்பர்வைசர். ஆளாளுக்குத் தண்ணி குடிக்க, பாத்ரூம் போக என்று கிளம்பினால் லைன் நின்றுவிடும் சார். என்ன செய்ய?
(ஒரகடம்)

கல் நகர்ந்து ஆள் தரையில் உருளும்போதும் லைன் நிற்கும். அன்றைக்கு ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கும். லைனுக்கு ஒரு ரிலீவர் போடுங்கள். தண்ணீர்க் குழாயை நடந்து தேடும் தூரத்தில் வைக்காமல் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். ஃபர்னஸ், ஓவன் பக்கம் நிற்பவர்களை மணிக்கொரு முறை நீங்களே கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். டார்கெட் போர்டுக்குப் பக்கத்தில் சிறுநீர் நிற அட்டையையும் மாட்டுங்கள். இந்த வாரமே செய்யுங்கள் தம்பி, அக்னி நட்சத்திரம் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.